கூண்டு ஏறிய நாட்கள்: ரிசல்ட் காலத்தில் பங்கு ஆப்ஷன்

அத்தியாயம் 7

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானதும் புதுச்சேரித் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும். 1-ஆம் எண்ணுக்கு நல்லவாட்டில் யாரும் பெரிதாக அசைய மாட்டார்கள். எண் ஏற ஏறப் படகுகள் மேட்டுக்கு வரும். தவளக்குப்பம் சந்திப்புக் கடைகளில் மெழுகுவத்தியும் தார்ப்பாயும் காலியாகும். 2011 டிசம்பர் 30 காலையில் ‘தானே’ கூரைகளைப் பிடுங்கியதையும், 2024 நவம்பர் 30 இரவில் ‘ஃபெஞ்சல்’ கொட்டித் தீர்த்ததையும் பார்த்த வட்டாரம் இது. அந்த நேரத்தில் தார்ப்பாய்க்கு யாரும் பேரம் பேசுவதில்லை. புயல் வேறு பக்கம் ஒதுங்கிவிட்டால், மறுநாள் அதே தார்ப்பாயை வாங்கிய விலைக்கு வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்காது.

ஒரு கம்பெனியின் காலாண்டு முடிவு வருவதற்கு முந்தைய நாள் அதன் ஆப்ஷனை வாங்குகிறவர், கூண்டு ஏறிய பிறகு தார்ப்பாய் வாங்குகிறவர். புயல் வரலாம், வராமலும் போகலாம். ஆனால் அவர் கொடுத்த விலைக்குள் புயலின் பயம் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. இதை மனதில் வாங்கிக்கொண்டால் இந்த அத்தியாயத்தில் பாதி முடிந்தது.

“ரிசல்ட் நல்லா வந்துச்சு, ஷேரும் ஏறிச்சு. ஆனா நான் வாங்கின கால் மட்டும் இறங்கிப் போச்சே, எப்படிண்ணே?” என்று எங்கள் ஊர் கல்லூரி மாணவர் ஒருவர் டீக்கடையில் கேட்டார். அந்தக் கேள்விக்கான பதில் மீதிப் பாதி.

தை, சித்திரை, ஆடி, ஐப்பசி

பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் கணக்கை வெளியிட வேண்டும். மார்ச்சில் முடியும் ஆண்டுக் கணக்குக்கு 60 நாள் அவகாசம். ஆகவே ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் இரண்டாவது வாரத்தில் பெரிய ஐடி கம்பெனிகள் தொடங்கி வைக்க, பின்னால் வங்கிகள், பிறகு மற்றவை என்று அடுத்த மாதம் பாதிவரை, ஆண்டுக் கணக்கென்றால் மே கடைசிவரை, ரிசல்ட் மழை பெய்யும். நம் கணக்கில் தை, சித்திரை, ஆடி, ஐப்பசி என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

போர்டு மீட்டிங் எந்தத் தேதியில் என்பதைக் கம்பெனி முன்கூட்டியே எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிவிக்கும். என்எஸ்இ தளத்தில் யாரும் பார்க்கலாம். பார்த்து ஒரு காலண்டரில் குறித்து வையுங்கள். கையில் ஆப்ஷன் இருக்கும் கம்பெனிக்கு நாளை ரிசல்ட் என்பதே தெரியாமல் உறங்கப் போகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

புதுச்சேரிக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு குறிப்பு. நவம்பர் 1-ம் ஆகஸ்ட் 16-ம் நமக்கு விடுமுறை. மும்பைச் சந்தைக்கு அந்தக் கணக்கு கிடையாது. வேலை இல்லாத நாள் என்பது மட்டுமே போனை எடுத்து ஆர்டர் போடுவதற்கான காரணம் ஆகாது.

விலைக்குள் இருக்கும் புயல்

முதல் அத்தியாயத்தில் கடலூர் சாலை மனைக்குக் கொடுக்கும் அட்வான்ஸை வைத்துக் கால் ஆப்ஷனைப் பார்த்தோம். மனை விலை ஏறினால் அக்ரிமென்ட்டுக்கு மதிப்பு. ஏறாவிட்டால் அட்வான்ஸ் போனது போனதுதான். இப்போது ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். புறவழிச்சாலை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் மனையின் விலை அப்படியே இருக்க, அட்வான்ஸ் மட்டும் இரண்டு பங்கு கேட்பார்கள். ஏறலாம் என்ற எதிர்பார்ப்புக்கே ஒரு விலை. ஆப்ஷனில் அந்த எதிர்பார்ப்பின் அளவுக்கு ஐவி என்று பெயர். ஆப்ஷன் செயினில் ஒவ்வொரு ஸ்ட்ரைக்குக்கும் பக்கத்தில் அது இருக்கும்.

ஒரு கணக்கு போடுவோம். கம்பெனி கற்பனை, எண்கள் சந்தையில் நடக்கக்கூடியவை. பங்கு விலை 1,500. லாட் 500. எக்ஸ்பயரிக்கு 15 நாள். நாளை ரிசல்ட் என்பதால் ஐவி 40. இன்று மாலை விலைகள்:

- 1,500 கால்: 50 ரூபாய்
- 1,500 புட்: 48 ரூபாய்
- இரண்டும் சேர்த்து: 98 ரூபாய்

இந்த 98-தான் சந்தை ஏற்றிய கூண்டின் எண். 1,500-இல் 98 என்பது சுமார் 6.5 சதவீதம். எக்ஸ்பயரிக்குள் பங்கு மேலேயோ கீழேயோ ஏறக்குறைய இவ்வளவு நகரும் என்று விற்பவரும் வாங்குபவரும் பேசி முடித்த விலை இது. ஒரே ஸ்ட்ரைக்கின் காலையும் புட்டையும் சேர்த்து வாங்குவதை ஸ்ட்ராடில் என்பார்கள். நீங்கள் அதை வாங்காவிட்டாலும் விலையைக் கூட்டிப் பாருங்கள். எந்த டிவி நிபுணரும் சொல்வதைவிட நேர்மையான தகவல் அதில் இருக்கிறது.

மறுநாள் ரிசல்ட் வந்துவிட்டது. நல்ல ரிசல்ட். பங்கு 2 சதவீதம் ஏறி 1,530. மர்மம் விலகிவிட்டதால் ஐவி 40-லிருந்து 24-க்கு விழுகிறது. இப்போது 1,500 கால் சுமார் 48 ரூபாய். 50-க்கு வாங்கியவருக்கு லாட்டுக்கு 1,000 ரூபாய் நஷ்டம். புரோக்கரேஜும் வரியும் தனி. திசையைச் சரியாகச் சொன்னவருக்கே இந்த நிலை. ஸ்ட்ராடில் வாங்கியவருக்கு கால் 48, புட் 14, மொத்தம் 62. லாட்டுக்கு 18,000 ரூபாய் காலி.

மாணவரின் கேள்விக்கு இதுதான் பதில். அவர் பங்கு ஏறுமா இறங்குமா என்று மட்டும் யோசித்தார். சந்தை அவரிடம் விற்றது வேறு கேள்வி: கூண்டின் எண்ணைவிடப் புயல் பெரிதாக இருக்குமா?

இரண்டு பண்டிகை, இரண்டு சரிவு

சில சமயம் புயல் பெரிதாகவே வரும். அப்படி வந்த இரண்டை நம் பண்டிகைக் கணக்கில் நினைவில் வைக்கலாம்.

2023 ஏப்ரல் 13, வியாழன் மாலை. சந்தை மூடிய பிறகு இன்ஃபோசிஸ் தன் நான்காம் காலாண்டு முடிவைச் சொன்னது. அடுத்த ஆண்டுக்கு 4 முதல் 7 சதவீத வளர்ச்சிதான் எதிர்பார்க்கிறோம் என்றது. மறுநாள் தமிழ்ப் புத்தாண்டு; அம்பேத்கர் பிறந்தநாள் என்பதால் சந்தைக்கும் விடுமுறை. பிறகு சனி, ஞாயிறு. கையில் ஆப்ஷன் வைத்திருந்தவர் வடை பாயசத்தோடு நான்கு இரவு காத்திருந்தார். 17-ஆம் தேதி திங்கள் காலை பங்கு பெரும் பள்ளத்தில் திறந்தது. நாளின் நடுவில் 10 சதவீதத்துக்கும் மேல் விழுந்து, கடைசியில் 9 சதவீதத்துக்கும் அதிகச் சரிவோடு முடிந்தது.

2024 ஜனவரி 16, மாட்டுப் பொங்கல் மாலை. ஹெச்டிஎஃப்சி வங்கியின் ரிசல்ட். நிகர லாபம் 16,000 கோடி ரூபாய்க்கு மேல். முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 33 சதவீதம் அளவுக்கு அதிகம். தலைப்பை மட்டும் படித்தவர் கால் வாங்கியதற்காகத் தன்னையே பாராட்டிக்கொண்டிருப்பார். ஆனால் பெரிய முதலீட்டாளர்கள் டெபாசிட் வளர்ச்சியையும் வட்டி வருமான விகிதத்தையும் பார்த்தார்கள். 2023 ஜூலை இணைப்புக்குப் பிறகு லாபத்தை நேராக ஒப்பிட முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். மறுநாள், சுண்ணாம்பாற்றுப் படகுக் குழாமில் காணும் பொங்கல் கூட்டம் நெரிந்த நேரத்தில், பங்கு 8 சதவீதத்துக்கு மேல் சரிந்து கொண்டிருந்தது. பாங்க் நிஃப்டி ஒரே நாளில் 4 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. அன்று அதன் வார எக்ஸ்பயரியும்கூட.

அந்த ஜனவரி 17-க்கு ஒரு பின்கதை உண்டு. ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது 2025 ஜூலை 3-ஆம் தேதி செபி போட்ட இடைக்கால உத்தரவு, இந்த ஒரு நாளை விரிவான உதாரணமாக எடுத்துக்கொண்டது. காலையில் வங்கிப் பங்குகளை வாங்கி விலையைத் தாங்கிப் பிடித்தது, பிற்பாடு அவற்றை விற்றது, இடையில் ஆப்ஷனில் எதிர்ப்பக்கம் நின்று அன்று மட்டும் 734.93 கோடி ரூபாய் லாபம் பார்த்தது என்பது செபியின் குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. வழக்கின் முடிவு எப்படியானாலும் நமக்கு ஒன்று புரிய வேண்டும்: பெரிய ரிசல்ட்டும் எக்ஸ்பயரியும் சேர்ந்த நாளில் எதிரே உட்கார்ந்திருப்பவர் இந்த அளவு ஆள்.

எண்ணிக்கையும் அதையே சொல்கிறது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டுகளில் எஃப் அண்ட் ஓ வியாபாரம் செய்த 1 கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று 2024 செப்டம்பரில் செபி கணக்குக் காட்டியது. செலவுகளையும் சேர்த்து ஆளுக்குச் சராசரியாக 2 லட்சம் ரூபாய் நஷ்டம். 2024-25-க்கும் கணக்கெடுத்தார்கள்; 91 சதவீதம். இந்த நூலைப் படிப்பதால் மட்டும் யாரும் மிச்சமுள்ள சிலரில் ஒருவராகிவிட மாட்டார்.

ஊர் முழுக்க வீசும் காற்று

ஒரு கம்பெனியின் ரிசல்ட் ஒரு தெருவில் அடிக்கும் சூறை மாதிரி. தேர்தல் முடிவு, போர், பட்ஜெட் எல்லாம் ஊர் முழுக்க வீசும் காற்று. அதை அளக்க இந்தியா விக்ஸ் இருக்கிறது. நிஃப்டி ஆப்ஷன் விலைகளிலிருந்து கணக்கிடப்படும் இந்த எண், அடுத்த 30 நாள் அசைவு பற்றிய சந்தையின் எதிர்பார்ப்பை ஆண்டுக் கணக்கில் சொல்லும். அதை 16-ஆல் வகுத்தால் ஒரு நாள் அசைவு சுமாராகக் கிடைக்கும். விக்ஸ் 16 என்றால் நாளுக்கு 1 சதவீதம். 32 என்றால் 2 சதவீதம்.

2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் முடிவு நாள். நிஃப்டி ஏறக்குறைய 6 சதவீதம் விழுந்தது. விக்ஸ் 26-க்கு மேல் முடிந்தது. மறுநாள் நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் மீண்டது. விக்ஸ் 19-க்கு அருகே இறங்கிவிட்டது. கூண்டு இறக்கப்படும் வேகம் இதுதான். 4-ஆம் தேதி பதற்றத்தின் உச்சியில் ஆப்ஷன் வாங்கியவர், விலை அசைவோடு சேர்த்து இந்த இறக்கத்தையும் எதிர்த்து ஓட வேண்டியிருந்தது.

வாங்குவதற்கு முன் இரண்டையும் பாருங்கள்: ஊர்க் காற்றுக்கு விக்ஸ், தெருச் சூறைக்கு அந்தப் பங்கின் ஐவி. பங்கின் ஐவி கடந்த சில மாதங்களில் இருந்ததைவிட எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதே முக்கியம். 40 என்ற எண் ஒரு பங்குக்குச் சாதாரணம், இன்னொன்றுக்குப் புயல்.

என்ன செய்யலாம்?

*ஒதுங்கி நிற்பது.* ரிசல்ட்டுக்கு முந்தைய நாள் 3.30 மணிக்குள் அந்தப் பங்கின் ஆப்ஷன்களை முடித்துவிட்டு வெளியே வருவது. இந்த நூலின் வாசகர்களில் பெரும்பாலோருக்கு என் பரிந்துரை இதுதான். ரிசல்ட் வந்த மறுநாள் ஐவி இறங்கிய பிறகு, செய்தியைப் படித்துவிட்டு நிதானமாக நுழையலாம். புயலுக்குப் பிறகு தார்ப்பாய் மலிவு.

*ஒரு கையால் வாங்கி, மறு கையால் விற்பது.* கட்டாயம் ரிசல்ட்டைத் தாண்டி நிற்கத்தான் வேண்டும் என்றால் ஸ்பிரெட் போடுங்கள். அதே உதாரணத்தில் 1,500 காலை 50-க்கு வாங்கி, 1,600 காலை 16-க்கு விற்றால், கையை விட்டுப் போவது 34 ரூபாய். லாட்டுக்கு அதிகபட்ச நஷ்டம் 17,000; அதிகபட்ச லாபம் 33,000. பங்கு 1,530 ஆகி ஐவி 24-க்கு விழுந்த மறுநாள், வாங்கிய கால் 48, விற்ற கால் 7. வித்தியாசம் 41. தனிக் கால் வாங்கியவர் நஷ்டத்தில் நிற்க, உங்களுக்கு லாட்டுக்கு 3,500 ரூபாய் லாபம். ஐவி விழுந்தபோது நீங்கள் விற்ற காலும் கரைந்ததுதான் காரணம். பங்கு 1,700-க்குப் பறந்தால் உங்களுக்கு 33,000-க்கு மேல் கிடைக்காது. அது நீங்கள் கொடுக்கும் விலை.

*இருக்கிற பங்குக்குக் காப்பீடு.* லாட் அளவுக்குப் பங்கு உண்மையிலேயே வைத்திருப்பவர் ஒரு புட் வாங்கலாம். பிரீமியம் வண்டி இன்ஷூரன்ஸ் மாதிரி. விபத்து நடக்காததால் வீண் என்று யாரும் சொல்வதில்லை. 500 பங்கு லாட்டுக்கு 80 பங்கு வைத்திருப்பவர் புட் வாங்கினால் அது காப்பீடு ஆகாது, தனிப் பந்தயம்.

எதைச் செய்தாலும் லிமிட் ஆர்டர் மட்டும் போடுங்கள். பங்கு ஆப்ஷன்களில், குறிப்பாக விலையிலிருந்து தள்ளியிருக்கும் ஸ்ட்ரைக்குகளில், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். அடுத்த மாத ஆப்ஷன்களில் பல நேரம் ஆளே இருக்காது.

விற்பவர் கதை

“வாங்குறவன்தானே தோக்குறான், அப்ப வித்துடலாமே” என்று அடுத்த கேள்வி வரும். அதே உதாரணத்தில் 1,400 புட் 12 ரூபாய். விற்றால் லாட்டுக்கு 6,000 கையில். பங்கு 100 ரூபாய் இறங்காதவரை அது உங்களுடையது. பல காலாண்டுகளில் அப்படியே நடக்கும். ஒரு நாள் பங்கு 10 சதவீதம் பள்ளத்தில் 1,350-இல் திறக்கும். புட்டின் விலை அப்போது குறைந்தது 50. நஷ்டம் 19,000-க்குக் குறையாது. மூன்று காலாண்டுச் சம்பாத்தியம் ஒரே காலையில் போய்விடும்.

1,420-இல் ஸ்டாப் லாஸ் போட்டிருந்தேன் என்பது உதவாது. பங்கு 1,420-ஐத் தொடவே இல்லை. நேற்று மாலை 1,500, இன்று காலை 1,350. நடுவில் படிக்கட்டு கிடையாது. விற்கத்தான் வேண்டும் என்றால், இன்னும் கீழே ஒரு புட்டை வாங்கிச் சுவர் எழுப்பிவிட்டு விற்கவும்.

எக்ஸ்பயரி வாரம்

2025 செப்டம்பர் முதல் என்எஸ்இ பங்கு ஆப்ஷன்கள் மாதத்தின் கடைசிச் செவ்வாயில் முடிகின்றன. நிஃப்டி ஆப்ஷன் பணமாகத் தீர்க்கப்படும். பங்கு ஆப்ஷன் அப்படியில்லை. 2019 அக்டோபர் முதல் எல்லாப் பங்கு ஆப்ஷன்களுக்கும் டெலிவரிதான். லாபத்தில் நிற்கும் 1,500 காலை எக்ஸ்பயரி வரை விட்டால் 500 பங்குக்கு 7.5 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். புட் என்றால் 500 பங்கைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏலமும் அபராதமும். நான்கு வேலைநாள் முன்பிருந்தே டெலிவரி மார்ஜின் படிப்படியாக ஏறும்.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. லாபத்தில் இருந்த ஒரு புட்டை வைத்துக்கொண்டு சிங்கிரிகுடி கோயிலில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மார்ஜின் கேட்டு வந்த மெசேஜைப் பந்தி முடிந்துதான் பார்த்தேன். அதற்குள் கணக்கில் பணம் போதாமல் புட் விற்கப்பட்டிருந்தது, ஆள் இல்லாத நேரத்தில், அடிமாட்டு விலைக்கு. தவறு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து எக்ஸ்பயரிக்கு முந்தைய வாரம் புதன்கிழமைக்கு மேல் எந்தப் பங்கு ஆப்ஷனும் என் கையில் இருப்பதில்லை.

வரியும் விதியும்

ஆப்ஷன் லாப நஷ்டம் வருமான வரியில் தொழில் வருமானம். சம்பளக்காரர் போடும் எளிய படிவம் போதாது. நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. ஆனால் கெடு தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்தால் 8 ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் செல்லலாம். நஷ்டம்தானே என்று தாக்கல் செய்யாமல் விடுகிறவர் இரண்டாவது முறை நஷ்டப்படுகிறார்.

நம் ஊரில் வீட்டுக்கு வீடு அரசு ஊழியர் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கு மத்திய அரசின் 1964 நடத்தை விதிகள் பொருந்தும். அதன் 16-வது விதி பங்குகளில் ஊக வியாபாரத்தைத் தடுக்கிறது. அடிக்கடி வாங்கி விற்பதையே ஊக வியாபாரமாகக் கருதுகிறது. நீண்ட கால முதலீடு வேறு. ரிசல்ட் வாரத்தில் ஆப்ஷன் வாங்கி விற்பது எந்தப் பக்கம் வரும் என்று விளக்கத் தேவையில்லை.

ரிசல்ட் காலத்தில் டெலிகிராம் ‘ஜாக்பாட் கால்’களும் முளைக்கும். அனுப்புகிறவரிடம் செபி பதிவு எண் கேளுங்கள். ஆய்வாளர் எண் ‘ஐஎன்ஹெச்’ என்றும் ஆலோசகர் எண் ‘ஐஎன்ஏ’ என்றும் தொடங்கும். சொன்ன எண்ணை செபி தளத்தில் தேடிப் பெயரைச் சரிபாருங்கள். உங்கள் கணக்கை நானே இயக்கித் தருகிறேன் என்பவரிடம் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

ஆர்டருக்கு முன்

1. ரிசல்ட் தேதி என்ன? சந்தை நேரத்திலா, மூடிய பிறகா? அடுத்து விடுமுறை வருகிறதா?
2. கால், புட் விலையைக் கூட்டினால் பங்கு விலையில் எத்தனை சதவீதம்?
3. பங்கு அதைவிட அதிகம் நகரும் என்று நினைக்க என்னிடம் என்ன காரணம் இருக்கிறது?
4. அதிகபட்ச நஷ்டம் எத்தனை ரூபாய்? அந்தத் தொகையை வீட்டில் சொல்ல முடியுமா?
5. எக்ஸ்பயரிக்கு எத்தனை வேலைநாள்?

மூன்றாவது கேள்விக்கு ஒரு வரிகூட எழுத முடியாவிட்டால் அன்று ஆர்டர் வேண்டாம்.

பயிற்சி: ஒரு வருட நோட்டு

40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஐந்து கம்பெனிகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் முந்தைய நாள் 3.15 மணிக்கு பங்கின் விலை, கால் விலை, புட் விலை, ஐவி நான்கையும் எழுதுங்கள். ரிசல்ட் வெளியான பின் சந்தையில் வரும் முதல் 3.15 மணிக்கு அதே நான்கையும் பக்கத்தில் எழுதுங்கள். கடைசிக் கட்டத்தில் கால், புட் கூட்டுத்தொகை கூடியதா குறைந்ததா என்று ஒரு சொல். பணம் போட வேண்டாம்.

தை, சித்திரை, ஆடி, ஐப்பசி முடியும்போது 20 வரிகள் சேர்ந்திருக்கும். அதில் ‘கூடியது’ எத்தனை, ‘குறைந்தது’ எத்தனை என்று எண்ணுங்கள். கூடிய இடங்களில் எவ்வளவு கூடியது என்பதையும் பாருங்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்கு வாருங்கள்; அங்கே அதிலிருந்துதான் கணக்குப் போடப் போகிறோம்.